வருகைப் பதிவேடு

கடலைத் தொடுமுன் கொள்ளிடம்
இரண்டாகப் பிரிந்து விட்டுவைத்த திட்டு.
இன்ஜினை அணைத்துக் கழி ஊன்றினார் கலியவரதன்.
"ஒரு மணி நேரந்தான். தண்ணி வத்துனா தரைதட்டிடும்."

கேட் இருந்தது. பூட்டு இருந்தது.
வேலியைப் போன புயல் கொண்டுபோயிருந்தது.
ஆனாலும் வாட்ச்மேன் அமிர்தகடேசன்
சாவி போட்டுத் திறந்தபிறகே உள்ளே விட்டார்.

ஏழு வரிசைச் செங்கல்.
ஓர் உறைகிணறு, அதில் முழங்கால் மழை,
ஏறத் தெரியாத நண்டு.
பலகையில் காலத்தை உப்பு தின்றிருந்தது.
"ரெண்டாயிரம்னு வச்சுக்குங்க."

ஒரு கல்லில், ஈரம் காயுமுன்
ஓடிப்போன நாயின் கால்.
நான்கு விரல், நகம்கூட.
அதில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள் செண்பகவல்லி.
உள்ளே வெதுவெதுப்பாக இருக்கிறதாம்.
வெயில்தான்.

கிளம்பும்போது நோட்டை நீட்டினார்.
எங்களுக்கு முந்தைய கையெழுத்து மாசியில்.
"நாலு பேராப் போடுங்க சார்.
ஆள் வரலைன்னா என்னைய மாத்திடுவாங்க."

என் பெயர். அவள் பெயர்.
படகைவிட்டு இறங்காத கலியவரதன், பழையாறு.
நான்காவதில் பேனா நின்றது.

அவள் வாங்கி
'நாய்' என்று எழுதினாள்.
ஊர்: இதுவே.
வந்த நோக்கம் என்ற கட்டத்தில்
யோசித்துக்கொண்டிருந்தபோது
கரையிலிருந்து கத்தினார்,
தண்ணி எறங்குது, தண்ணி எறங்குது.