நகச்சுற்று

வலது முழங்காலுக்காக
இருபத்தாறு மாதம் வரிசையில் நின்றேன்,
நிற்க முடியாத காலோடு.
டோருன் நகரத்து டிராமின் பெடலை
முப்பத்தோரு வருடம் மிதித்த கால்.

வியாழக்கிழமை அறுவை.
பெட்டி கதவோரம் தயார்.
மேல்வீட்டு ஹென்ரிக் கொடுத்த ஊன்றுகோல்களை
என் உயரத்துக்கு இறக்கிவைத்தான் செஸ்வாவ்.
தரைவிரிப்புகளைச் சுருட்டிக் கட்டிலடியில் தள்ளினான்.
நான் சூப் காய்ச்சினேன்.
பீட்ரூட், புளித்த வெள்ளரி, பட்டாணி.
பன்னிரண்டு டப்பா. மூடியில்
முதல் நாள், இரண்டாம் நாள் என்று எழுதி
உறையவைத்தேன்.
அவனுக்கு முட்டைகூட வேகவைக்கத் தெரியாது.

அதோடு நின்றிருக்கலாம்.
தோட்டத்தில் முள்நெல்லி பழுத்துத் தொங்கியது.
திரும்பி வருவதற்குள் பறவைக்குப் போய்விடுமே என்று
ஒரு வாளி பறித்தேன்.
கட்டைவிரலில் ஒரு முள்.
பிடுங்கி எறிந்தேன், மறந்தும் போனேன்.

ஞாயிறன்று சிவந்தது.
திங்களன்று நகத்தைச் சுற்றி
விண்விண்ணென்று தெறித்தது.
சோப்புக் கரைத்த வெந்நீரில் முக்கினேன்,
முட்டைக்கோஸ் இலையைத் தட்டிக் கட்டினேன்.
செவ்வாய் காலை
கடுகளவு மஞ்சள்.

பத்து மணிக்கு மருத்துவமனையிலிருந்து போன்.
காய்ச்சல்? இல்லை. இருமல்? இல்லை.
பல்வலி? இல்லை.
சிறுநீர் போகையில் எரிச்சல்? இல்லை.
இல்லை இல்லை என்று
எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் ஓடினேன்.
தோலில் எங்காவது புண், சீழ்?

ரிசீவரைப் பிடித்திருந்தது அந்தக் கட்டைவிரல்தான்.
காதுக்குப் பக்கத்திலேயே
விண், விண்.
கை எங்கே, கால் எங்கே!
யாருக்குத் தெரியப்போகிறது?
அடுப்படியில் செஸ்வாவ் முதுகு காட்டி நின்றான்,
கேட்காததுபோல் கேட்டுக்கொண்டு.

'சின்னதுதான்' என்றேன்.

இளம்குரல். சலித்துக்கொள்ளவில்லை.
'கிருமிக்குக் கை எது, கால் எது?
ரத்தத்தோடு போகும்,
புது உலோகம் கண்டால் குடியேறிவிடும்.
முதலில் ஆறட்டும்.'
தாள் புரளும் சத்தம்.
'அடுத்த இடம் நவம்பரில்.'

போனை வைத்துவிட்டு
முள்நெல்லிச் செடியைத் திட்டினேன்,
செஸ்வாவைத் திட்டினேன்,
கொஞ்ச நேரம் கழித்து என்னையும்.
பிற்பகல் டாக்டர் கீறியபோது
வந்தது ஒரே ஒரு துளி.
இதற்கா நான்கு மாதம்?

இருட்டியதும் அவன் குளிர்பெட்டியைத் திறந்து
'முதல் நாள்' டப்பாவை எடுத்தான்.
பாத்திரத்தில் கவிழ்த்தான்,
செங்கல் விழுந்ததுபோல் ஒரு சத்தம்.
'தண்ணீர் விடணுமா?'
'கொஞ்சம்' என்றேன்.
எழுந்து போகவில்லை.