காது தெரியணும்

பாம்பன் தெற்குவாடியில்
மீனவர் அட்டைக்குப் படம் எடுக்கிறேன்.
வெள்ளைத் திரை. காது தெரியணும், பல் கூடாது.

இன்னாசியம்மா முகத்தில்
நெற்றி தொட்டுக் கன்னம் வரை ஒரு வளையம்:
விடியலில் மரிக்கொழுந்துப் பாசிக்கு முங்கிய கண்ணாடி
கழற்றியும் இறங்கவில்லை.
அழியட்டும் என்று காத்திருந்தோம்.

அந்நேரம் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்,
மண்டபம் ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படம்.
கடலுக்கு நூறடியில்
சாயம் பூசிய பனிமலை.
இரவல் சங்கிலி. திருப்பி வைத்த தாடை.
"மூச்சைப் பிடி, அசையாதேன்னாரு.
அது ஒண்ணுதான் எனக்குச் சுலபம்."

மகள் சகாயராணி செல்போனை நீட்டினாள்.
போர்ட்ரெயிட் மோடில் அம்மா,
முடி ஒவ்வொன்றும் தனித்தனி.

"கடல் எங்கடி?"

"மங்கலாக்கிடும்மா. நீ மட்டும் தெரியணும்ல."

துணி சுற்றிய விரலால்
திரையைத் துடைத்தாள்,
துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்,
முங்குமுன் எச்சில் தொட்டுக்
கண்ணாடி துடைப்பவள்.

வளையம் அப்படியேதான் இருந்தது.
அழுத்திவிட்டேன்.

அட்டை திரும்பி வந்தால்
இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளலாம்.