உப்பு என்று எழுதினேன்

டார்வின் விமான நிலையம், விடிகாலை நாலரை.
அட்டையில் 'உணவுப் பொருள்' என்ற கட்டத்துக்குப்
புள்ளடி போட்டிருந்தேன்.
கையுறை அணிந்த பெண் பொதியைத் தூக்கிப் பார்த்தாள்.
அரிசிச் சாக்கை வெட்டித் தைத்த பை,
ஒரு கிலோ இருக்கும்.
என்ன இது?
உப்பு.
கடலுப்பா?
இல்லை, அங்கேயிருந்து கடலுக்குப் பஸ்ஸில் ஒரு பகல்.
வயலில் விளைந்தது.
அப்போதுதான் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

மாசியில் அறுத்த வயல் வெடித்து வெள்ளை பூக்கும்.
பூன்மாவும் அவளுடைய இரண்டு தமக்கைமாரும்
அதைச் சுரண்டிக் கரைத்து வடித்து
உமி அடுப்பில் தகரத் தட்டு வைத்துக் காய்ச்சுவார்கள்.
நானும் இரண்டு நாள் சுரண்டினேன்.
மூன்றாம் நாள் தமக்கைமார் என்னைப் பார்த்துச் சிரித்து
நிழலில் பாய் போட்டுத் தந்தார்கள்.

பூன்மாவுக்கும் எனக்கும் ஒரே மேசை,
ஹம்டி டூவில், மாம்பழம் பொதி செய்யும் கொட்டகையில்,
பன்னிரண்டு பருவம்.
அவள் காம்பு வெட்டுவாள், நான் பால் துடைப்பேன்.
தன் பெயருக்குப் 'புண்ணியம் வந்தது' என்று பொருள் என்றாள்
ஒருநாள்.
எங்களிடமும் அந்தச் சொல் இருக்கிறது,
வரவுதான் இல்லை என்றேன்.
வருடா வருடம் அவள் ஊருக்குப் போவாள்,
நான் அவள் வீட்டு மீன் தொட்டிக்குக் காவல்.
என் விசாவில் வெளியே போகலாம்,
திரும்பி வர முடியாது.
போன வருடம்தான் எனக்கும் அந்த நீலப் புத்தகம் கிடைத்தது.
'வா' என்றாள். அவ்வளவுதான்.

தாய்லாந்து எனக்குப் புதிதில்லை.
பாங்கொக்கில் நாலாம் மாடியில் ஓர் அறை,
பதினான்கு பேர், பதினொரு மாதம்,
ஜன்னல் கண்ணாடியில் பேப்பர் ஒட்டியிருந்தோம்.
படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால்
மூச்சை மடித்து வைப்போம்.
குழாயை நூலளவுதான் திறப்போம்.
அமைதி என்றால் எனக்கு அது.

ஆகவே அந்த ஊரின் அமைதியை
முதல் சில நாள் நான் நம்பவில்லை.
மத்தியானம் இரண்டு மணி.
தார் ரோட்டின் நடுவில் நாய்.
பள்ளிக்கூட மதிலில் மிளகாய் காய்கிறது.
தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்,
வரும் வரும் என்று பார்த்திருக்க
வேறெங்கோ திரும்பிவிடுகிறது.
ஒருவரும் பதுங்கவில்லை.
சும்மா இருந்தார்கள்.
சும்மா இருப்பதற்கு ஒரு மாகாணம் முழுக்க
இடம் இருந்தது.

பிறகு ஒரு காலை, சந்தைக்குப் போகும் வழியில்
சோதனைச் சாவடி.
கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.
பொலீஸ்காரப் பையன் குனிந்து ஏதோ கேட்டான்.
பூன்மா சொன்னாள்:
'சோறு தின்றாயா என்று கேட்கிறான்.'
எனக்கு விளங்கவில்லை.
விளங்கியபோதும் கை மடங்கவில்லை,
பாஸ்போட்டை நீட்டியபடியே இருந்தேன்.
அவன் அதை வாங்கவில்லை.
தன் மூங்கில் கூடையைத் திறந்து
ஒட்டுச்சோற்றில் ஒரு கிள்ளு எடுத்து உருட்டி
நீட்டிய கையில்,
விரிந்திருந்த பக்கத்தின் மேலேயே
வைத்தான்.

தின்றேன்.
அவன் பார்த்துக்கொண்டிருந்தான்,
உப்புப் போதுமா என்பதுபோல.

பையைக் குலுக்கி, கதிரில் ஒருமுறை ஓட்டி,
'போகலாம்' என்றாள் கையுறைக்காரி.
வேறு ஏதாவது அறிவிக்க இருக்கிறதா?
இல்லை என்றேன்.

பதினேழாம் பக்கத்தில்
ஒரு பருக்கை காய்ந்து ஒட்டியிருக்கிறது.
நகத்தால் சுரண்டினால் வந்துவிடும்.

வெளியே மழை, ஈரச் சூடு,
டாக்சிக்காரர்கள் பஞ்சாபியில் சண்டை.
பூன்மா திரும்பி வர இன்னும் மூன்று கிழமை.
பக்கத்து வீட்டு லெஸ்லியிடம் சாவியை வாங்கவேண்டும்.
மீனுக்கு அளவுக்கு மிஞ்சித் தீன் போட்டிருப்பார்,
எப்போதும் அப்படித்தான்.