அறுபத்திரண்டு சென்டிமீட்டர்

விமானம் பறந்தது ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை.
எனக்கு வந்து சேர்ந்தது மார்ச்சில்,
ஹார்டு டிஸ்க்கில், வெறும் புள்ளிகளாக.

நொடிக்கு ஐந்து லட்சம் முறை
ஒளியைக் கீழே எறிந்து
திரும்பிவரும் நேரத்தை எண்ணிக்கொண்டே
பெங்களூருவின் தென்கிழக்கைக் கடந்திருக்கிறது அது.
கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு தூரம்?
இலை ஒரு பதில். கிளை ஒரு பதில்.
அடியில் நிறுத்தியிருந்த ஆட்டோ மூன்றாவது.

தண்ணீர் பதில் சொல்லாது. விழுங்கிவிடும்.
ஏரிகள் என் திரையில் கறுப்பு ஓட்டைகள்.
பெள்ளந்தூரில் மட்டும் நுரை பேசியிருந்தது,
ஓட்டைக்கு மேலே
ஒரு மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாய்
இல்லாத ஒரு தரை.
நீக்கிவிடு என்றாள் விநயா, எங்கள் டீம் லீட்.
நீக்கினேன்.

பிரிப்பதுதான் என் வேலை.
தரைக்கு இரண்டு. மரத்துக்கு ஐந்து. கட்டடத்துக்கு ஆறு.
ஏழு என்றால் இரைச்சல்:
புகை, மேகத் துணுக்கு,
விமானத்துக்குக் கீழே வட்டமடித்த பருந்து.
பருந்துக்கு நான்கே புள்ளிகள்.

இரவு இரண்டு மணிக்கு ஈஜிபுரா வந்தது.
எட்டாவது கிராஸ், முருங்கை,
சின்டெக்ஸ் தொட்டி, எங்கள் மொட்டைமாடி.
துணிக்கொடிக்குப் பக்கத்தில்
நின்றபடி பதினொரு புள்ளிகள்.
நானா, மேல்வீட்டு சபீனாவா?
அளந்து பார்த்தேன். ஒரு மீட்டர் எழுபத்தொன்று.
கையைத் தூக்கியிருந்தால் நான்,
தூக்காவிட்டால் அவள்.
ஏழு என்று போட்டேன்.

பிறகு ஆறை அணைத்தேன்.
கட்டடங்கள் போயின.
ஆறு தெரிந்தது.

ஆறு என்பது பெரிய வார்த்தை. ஒரு பள்ளம்.
கோரமங்கலா பக்கமிருந்து வளைந்து
மளிகைக்கடைக்கு அடியில், ஜிம்முக்கு அடியில்,
எங்கள் அடுக்களைக்கு அடியில் புகுந்து
பெள்ளந்தூருக்குப் போகிறது.
முன்தெருவைவிட எங்கள் பின்சந்து
அறுபத்திரண்டு சென்டிமீட்டர் தாழ்வு.
நடுவே வீட்டுக்கு அடியிலிருக்கும் தரையை
ஒளி தொட்டதில்லை, மென்பொருள் ஊகித்துக்கொள்கிறது.
எனக்கு ஊகம் தேவையில்லை.
போன செப்டம்பரில்
காலி சிலிண்டர் மிதந்து வந்து
படுக்கையறைக் கதவைத் தட்டியது.

வாடகையில் ஆயிரம் ஏற்ற வந்த நஞ்சுண்டப்பாவிடம் சொன்னேன்:
சார், உங்க வீடு அறுபத்திரண்டு சென்டிமீட்டர் இறக்கம்.
‘யாரு ஹேளித்ரு?’
விமானம் என்று சொல்லக்கூடாது.
ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
மழை, என்றேன்.
கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
ஏற்றியதில் ஐந்நூறு குறைத்தார்.

ஐந்நூறுக்கு முப்பத்திரண்டு செங்கல்.
ஒன்று ஏழரை சென்டிமீட்டர்.
கட்டில் காலுக்கு எட்டெட்டு அடுக்கி,
மிச்ச இரண்டுக்குப் பழைய டைரிகள் வைத்து
ஏறிப் படுத்தேன்.
ஃபேன் பக்கத்தில் இருந்தது.