எட்டு வெள்ளைச் சுவிட்சுகள்

இருபது காசுக்கு மூன்று உயிர்.
பத்தாங் ரெசாம் கடைத்தெருவில் அதுதான் விலை,
மோட்டார் பட்டறைக்கும் சீன மருந்துக்கடைக்கும் நடுவே
ஆ லியோங் போட்டிருந்த நான்கு பெட்டிகளில்.
மூன்றாவது பெட்டி என்னுடையது.
இடப்பக்கம் இழுத்தால் அரை மூச்சு தாமதித்துத் திரும்பும்
அந்தக் கைப்பிடியின் குணம்
எனக்கும் தனபாலனுக்கும் மட்டுமே தெரியும்.

ஐந்தாம் கட்டத்தைத் தாண்டியவர் ஊரில் இல்லை.
தாண்டினால் கடல் வரும் என்றார்கள்.
திரும்பவும் முதல் கட்டமேதான் வரும் என்றான்
ரெண்டாம் டிவிஷன் பையன் ஒருவன்.
அவனை அடித்தோம்.

அதிகப் புள்ளி எடுத்தால்
பெயருக்கு மூன்றெழுத்து இடம் கிடைக்கும்.
கே, ஓ, ஜி என்று என்னை வெட்டி வைப்பேன்.
பத்து மணிக்கு ஆ லியோங் மெயினைத் தட்டுவார்.
காலையில் எவர் பெயரும் இருக்காது.

ஆறாம் தேதி இரவு
மறந்துபோன குடைக்காகத் திரும்பி வந்தேன்.
மூன்றாவது பெட்டி முதுகைக் காட்டி நின்றது.
பின்கதவு திறந்திருக்க, உள்ளே பச்சைப் பலகையில்
பால்பற்கள் போல
எட்டு வெள்ளைச் சுவிட்சுகள்.
டார்ச்சை வாயில் கவ்வியபடி
திருப்புளி முனையால் இரண்டை மேலே தள்ளினார்.
மறுநாள் எஸ்டேட்டில் சம்பளம்.

ஏழாம் தேதி
எதிரி விமானங்கள் இரட்டை இரட்டையாய்க் குண்டு போட்டன.
அக்காவிடம் கெஞ்சி வாங்கிய இரண்டு வெள்ளியும்
தனபாலனுக்கு இரண்டாம் கட்டத்திலேயே கரைந்தது.
சுவிட்சைப் பற்றிச் சொன்னேன்.
அவன் நம்பவில்லை.
விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு
“இன்னிக்குக் கை சரியில்ல, கோகி” என்றான்.

அந்த மாதம்தான் ஆபீசில்
ஒரு பேருக்கு வெட்டவேண்டிய குலைக் கணக்கை ஏற்றினார்கள்.
அப்பாவும் வீட்டுக்கு வந்து
கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது எனக்கு மில்லின் எடைமேடையில் வேலை.
இரவில், தம்பி மகன் விட்டுப்போன கன்சோல்.
தொடங்கும் முன்பே கேட்கிறது:
எளிதா, நடுத்தரமா, கடினமா?
அதற்கும் கீழே ஒன்று, கதை மட்டும் போதுமா?
ஒரே பள்ளத்தில் மூன்று முறை விழுந்தால்
ஊசி போடும் முன் தாதி பேசுகிற குரலில்
“கொஞ்சம் சுலபமாக்கவா?”

முதலில் கோபம்தான் வந்தது.
யாரிடம் கேட்கிறாய்?
மூன்றாவது பெட்டி, கே ஓ ஜி.
அணைத்துவிட்டு, தட்டுக் கழுவி,
மறுபடி வந்து உட்கார்ந்தபோது உறைத்தது,
சுவிட்ச் என் பக்கம் வந்துவிட்டது.
திருப்புளி இல்லாமல்,
முப்பது வருடம் கழித்து.
‘எளிது’ என்று அழுத்தினேன்.
அன்று மட்டும் நூற்றுப் பன்னிரண்டு லாரி.

தனபாலன் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான்.
வரிசையில் நிற்கையில் கைப்பேசியில் மிட்டாய் உடைப்பான்.
முதல் நாற்பது கட்டம் வெண்ணெய்.
நாற்பத்தொன்று பாறை.
ஐந்து உயிரும் போனால் இரண்டு மணி நேரம் காத்திரு,
இல்லையென்றால் நாலு வெள்ளி தொண்ணூறு காசு.
கட்டாதே என்றேன்.
இதற்கும் பின்கதவு இருக்கிறது,
நாம் நிற்கிற பக்கம் திறக்காது, அவ்வளவுதான்.
கட்டைவிரலை ஊதிக்கொண்டான்.
“இல்ல கோகி, கைதான்…”

ரசீதை நீட்டினேன். பதின்மூன்று டன் எழுநூறு.
கியரைத் தட்டிவிட்டு
ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டான்,
“நீ எதுல வச்சு ஆடுற?”

“கடினம்தான்” என்றேன்,
தடுப்புக் கம்பத்தைத் தூக்கும் பொத்தானைப்
பார்த்தபடி.