வரச் சொல்லுதல்

பிறந்தநாளுக்கு ஐந்து மதிப்பெண் போனது.
குணசீலன் கேக்கில் மெழுகுவர்த்தி செருகிக்கொண்டிருந்தார்.
நான் கைப்பேசியில் கணக்குப் பார்த்தேன்:
முப்பத்து மூன்று முடிந்து முப்பத்து நான்கு.
கனடாவுக்கு நான் இன்னும் கொஞ்சம் பழசாகிவிட்டேன்.

மொழிக்கு மதிப்பெண் உண்டு என்றார்கள்.
எனக்கு நான்கு மொழி தெரியும்.
தமிழுக்குச் சுழியம்.
எஸ்பிஎம்மில் ஏ வாங்கிய மலாய்க்கும் சுழியம்.
சாய் லெங் பார்க் சந்தையில் மீன்காரியிடம்
பேரம் பேசும் ஹொக்கியனுக்குப் படிவத்தில் கட்டமே இல்லை.
ஆங்கிலத்தைக் கடைசிச் சொட்டுவரை பிழிந்தாயிற்று.
பிரெஞ்சு இருந்தால் ஐம்பது கூடும்.
ஐம்பது என்றால்
பத்துப் பிறந்தநாள்.

பாயான் லெப்பாஸில் சில்லு சோதிக்கிற வேலை.
கம்பெனி பஸ் பிறையில் ஏற்றிப்
பாலம் கடக்கிறவரை வினைச்சொற்கள்.
தூய அறையில் முகக்கவசம் ஒரு வசதி;
உள்ளே உதட்டைக் குவித்து
உகரமும் இல்லாத இகரமும் இல்லாத அந்த ஒலியை
ஓர் இரவில் முந்நூறு தடவை சொன்னேன்.
சூப்பர்வைசர் ஹபிபா
நான் ஏதோ மந்திரம் ஜெபிப்பதாக நினைத்து
தள்ளிப் போய் நின்றாள்.

சொல்லிக்கொடுத்தவள் அவா கோனே.
என்னைவிடப் பத்து வயது சின்னவள், அபிஜான்காரி,
மின்டனில் முதுகலை, மணிக்கு நாற்பது வெள்ளி.
வீட்டில் அவள் பேசுவது வேறு மொழி.
"எங்களுக்கும் இது விருந்தாளிதான்," என்றாள்.
"வந்தது. உட்கார்ந்தது. எழுந்திருக்கவேயில்லை."

அஃறிணை என்று ஒதுக்கிவைத்ததெல்லாம்
அங்கே ஆணும் பெண்ணுமாக நடமாடின.
வீடு பெண். பெட்டி பெண். பனியும் எல்லையும் பெண்.
விமானம் ஆண். புறப்பாடு ஆண்.
தொண்ணூற்றேழுக்கு
நான்கு இருபது, பத்து, ஏழு என்றாள். சிரித்துவிட்டேன்.
"உன் மொழியில்?"
எண்ணிப் பார்த்தால் எங்கள் தொண்ணூறும்
நூறாகாமலே நூறென்று பெயர் வைத்துக்கொண்டு
இத்தனை காலம் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது.
சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

நாமுக்கும் நாங்களுக்கும் அவர்களிடம் ஒரே சொல்.
குணசீலனின் அம்மா ஒரு ஞாயிறன்று
பயறு களைந்துகொண்டே கேட்டார்:
"நாம எல்லாரும் எப்போ போறோம்?"
படிவத்தில் இருந்தது நாங்கள்.
பிரெஞ்சில் பதில் சொல்லியிருந்தால்
பொய்யாகியிருக்காது.

தேர்வு கோலாலம்பூரில்.
இரவு பஸ், கழுத்து வலி, மூன்றாம் மாடி.
பேச்சுத் தேர்வில் ஒரு தாளை நீட்டினார்கள்:
உங்கள் ஊரில் வந்து குடியேறும்படி
ஒரு நண்பரை இணங்கவையுங்கள்.
பத்து நிமிடம்.

தேர்வாளர் நண்பராகி மறுத்தார்.
வெயில், என்றார்.
நான்கு மணிக்கு மழை வரும் என்றேன்.
எனக்கு அங்கே யாரைத் தெரியும், என்றார்.
காலையில் தெரியாதவர்கூட
பசியாறியாச்சா என்று கேட்பார் என்றேன்;
அதற்குச் சொல் கிடைக்காமல்
மூன்று வாக்கியம் சுற்றி வந்தேன்.
தைப்பூசத்தில் தேர் வருமுன்
சீனக் கடைக்காரர்கள் லாரி லாரியாக
முருகனுக்குத் தேங்காய் இறக்குவதைச் சொன்னேன்.
பெர்ரியில் நின்றபடி பார்த்தால்
தீவு கிட்டே வருவதுபோலத் தெரியும்,
நாம் போவதுபோல இருக்காது என்றேன்.
எதிர்வீட்டு ரொக்கியாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு
எங்கே வேண்டுமானாலும்

நாக்கு நின்றது.
எதிர்காலம் எப்படி முடியும் என்பது மறந்துவிட்டது.

"சரி, வருகிறேன்," என்றார் தேர்வாளர்,
நண்பராக.
மணியைப் பார்த்தார்.

முடிவு வந்தது. ஐம்பதும் வந்தது.
குணசீலன் இணையத்தில் பெட்டி விலை பார்க்கிறார்.
எனக்கு இன்று நைட் ஷிப்ட்.
பஸ் பாலத்தின் நடுவே ஊர்கிறது.
வருகிறேன் என்ற அந்த மனிதருக்கு
எந்த அறையைக் கொடுப்பது
என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.