என் ஒரு மணி

அடிஸ் அபாபாவில் எங்கள் கடிகாரம்
பொழுதோடு சேர்ந்து கிளம்பும்.
விடிந்து ஒரு மணி நேரம் போனால் ஒரு மணி.
வெளிநாட்டு எஞ்சினியர்களுக்கு அது ஏழு.
வந்த முதல் வாரம்
கூட்டம் முடிந்த பிறகு கோப்போடு வந்து நிற்பார்கள்.

நான் வுப்ஷெட். லிஃப்ட் பூட்டுகிறவன்.
நாற்பத்தாறு மாடி என்று சொல்லித்தான்
கயிற்றுக்குக் கணக்குக் கொடுத்தேன்.
மழைக்காலம் முடிவதற்குள் அது அறுபது.
போன செவ்வாய்க்கிழமை டக்மாவி
அட்டை மாதிரியின் உச்சியைக் கழற்றி
நடுவில் பன்னிரண்டு மாடி செருகி
உச்சியைத் திரும்ப மாட்டினார்,
டிபன் கேரியர் மூடுகிற மாதிரி.

தினமும் எத்தனை பஸ் வந்து இறங்குகிறது, தெரியுமா?
இத்தனை பேருக்குத் தரையில் ஏது இடம்?
அவர் கேட்டது நியாயம்தான்.
அப்படி ஒரு பஸ்ஸில் இறங்கியவன்தான் நானும்.

தீயணைப்பு அதிகாரி மெங்கேஷா கை தூக்கினார்:
எங்கள் ஏணி பதினேழாம் மாடிவரை எட்டும்.
அதற்கு மேலே?
யாரும் குறித்துக்கொள்ளவில்லை.
விமான நிலையத்துக்காரர்
உச்சியில் சிவப்பு விளக்கு வைத்தால் போதும் என்றார்.
கயிறு என்ன சொல்கிறது என்று என்னைக் கேட்டார்கள்.
நீளம் ஏற ஏற, ஐயா,
ஆளைத் தூக்குவதைவிடத்
தன்னைத் தூக்கவே அதற்குச் சரியாக இருக்கும்.
ஒரு கட்டத்துக்கு மேல்
தன் கனத்திலேயே அறும்.
சிரித்தார்கள்.
எடை குறைந்த கயிறு இருக்கிறதாம்,
விலைதான் கூடுதலாம்.

மேற்குச் சந்தில் காப்பி விற்கிறாள் அஸ்கலே.
இந்த உயரத்து ஊரில் விடிகாலைக் குளிர்
எலும்பை விசாரிக்கும்.
அவள் சுவரில் அடிக்கும் வெயிலுக்காகவே
பாதிப் பேர் வருவார்கள்;
காப்பி அந்த இடத்துக்கு வாடகை.
நாங்கள் இருபது மாடி ஏறியபோது
வெயில் இரண்டரைக்கு வந்தது.
நாற்பது ஏறியபோது நான்குக்கு.
"உங்கள் மணி உங்களோடு.
இந்தச் சுவரைத் தொட்டு ஒரு மணி நேரம் ஆனால்தான்
எனக்கு ஒரு மணி" என்றாள்.
கடனைக் காலை ஒரு மணிக்குத் தருகிறேன் என்றவர்களை
மதியம்வரை விட்டுப்பிடித்தாள்.

ஒரு நாள் இருட்டோடு அவளைச்
சாமான் ஏற்றும் கூண்டில் ஏற்றிப் போனேன்.
ஐம்பத்தோராம் தளம். சுவர் கிடையாது.
காற்று அவள் முக்காட்டைப் பிடித்து இழுத்தது.
அங்கே இரண்டு நிமிடம் முந்தி விடிகிறது.
அந்த இரண்டு நிமிடத்தையும் சேர்த்துத்தான்
சதுர அடி விலை போடுவார்கள் போல.

சூரியன் வந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.
திரும்பி மேற்கே பார்த்தாள்.
தகரக் கூரைகள்மேல், சந்தைமேல்,
கொல்ஃபே வரைக்கும்
எங்கள் நிழல் நீட்டிப் படுத்திருந்தது.
"தங்கச்சி வீடு அந்தப் பக்கம்தான்."
அங்கே கொஞ்ச நேரம்தான், நகர்ந்துவிடும் என்றேன்.
"ஆமாம். குடியிருக்க என் சந்துதானே அதற்கு."

பிறகு கிரேன்களை எண்ணினாள்.
பதினொன்றில் விட்டுவிட்டாள்.

"எழுபத்திரண்டு ஆனால் எனக்கு எப்போது வெயில்?"
ஏறக்குறைய ஐந்துக்கு.
"ஆறு என்றால் உச்சி.
அப்போ எனக்குக் காலையே கிடையாது."
கொஞ்சம் யோசித்தாள்.
"சரி, மதியச் சாப்பாடு போடுகிறேன்.
இஞ்சேராவும் கடலைமாவுக் குழம்பும்.
உன் ஆட்கள் எத்தனை பேர்?"
நூற்று நாற்பது.
"இன்னும் பன்னிரண்டு மாடி என்றால்
எத்தனை மாதம் இருப்பார்கள்?"

பதில் சொல்வதற்குள் கூண்டு இறங்கத் தொடங்கியது.
முப்பதாம் மாடிவரை அவள் காதோரம் வெளிச்சம்.
அப்புறம் சிமென்ட்.
அதற்கும் கீழே, சந்தில்,
போன ராத்திரி இன்னும் முடியாமல் இருந்தது.
இரண்டு பேர் அணைந்த அடுப்பருகே காத்திருந்தார்கள்.

அன்று அலுவலகத்தில் கேட்டார்கள்.
கயிற்றின் நீளத்தை எழுதிக் கொடுத்தேன்,
பென்சிலில்.